‘எல்லாம் சேர்த்துத்தான் சார்!’

*தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை, வீடு மாறும் குடும்பங்களின் செலவைத் தீர்மானிக்கும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் சொற்கள்*

மே மாதக் கடைசி ஞாயிறு. சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவின் முனையில் 14 அடி ஐஷர் வண்டி நிற்கிறது. உள்ளே திரும்ப வழியில்லை. ஒரு பக்கம் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர். விடியற்காலையில் பால் காய்ச்சிவிட்ட குடும்பம் புது வீட்டு வாசலில் காத்திருக்கிறது. வண்டியோடு வந்த சூப்பர்வைசர் தெருவை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

“சார், வண்டி உள்ள வராது. ஷட்டில் போடணும்.”

“ஷட்டில்னா?”

“குட்டி யானை ஒண்ணு பிடிச்சு, இங்கேருந்து ரெண்டு மூணு நடை அடிக்கணும். அது எக்ஸ்ட்ரா.”

“போன்ல பேசினப்ப எல்லாம் சேர்த்துத்தான்னு சொன்னீங்களே தம்பி?”

“வண்டி, ஆளு, பேக்கிங் எல்லாம் சேர்த்துத்தான் சார். ஷட்டில் அதுல வராது.”

ஃப்ரிட்ஜ் நடுரோட்டில் நிற்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை. கேட்ட காசு கைமாறுகிறது. மாதக் கடைசி ஞாயிறுகளில் தென்சென்னைப் புறநகரின் ஏதாவது ஒரு தெருவில் நடந்துகொண்டே இருக்கும் பேச்சு இது. ஷட்டில் இருக்கும் இடத்தில் சில நாள் ‘ஃப்ளோர் சார்ஜ்’ வரும், சில நாள் ‘ஹால்டிங்’ வரும். சொல்லின் பொருள் ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்திருப்பதால், அதன் விலையையும் அந்தத் தரப்பே வைக்கிறது.

ஏன் இங்கே இத்தனை வண்டி?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், விமானப்படைத் தளம், ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள், சுற்றிலும் கல்லூரிகள் என வேலைக்கும் படிப்புக்கும் வந்து தங்குபவர்களின் ஊர் இது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறந்தாயிற்று. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். அது முடிந்ததும் வாடகை ஏறும், அல்லது குடும்பம் நகரும்.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற்ற மாட்டார்கள். தையிலும் ஆவணியிலும் கூட்டம் கூடும். பள்ளி விடுமுறையும் சேர்வதால் சித்திரை, வைகாசியில் வண்டி கிடைப்பதே பாடு. செவ்வாய்க்கிழமை காலியாக நிற்கும் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு விலை. நாள் நட்சத்திரம் பார்க்காதவர்களுக்கு ஆடி மாதம் நல்ல பேரக் காலம்!

அடிதான் அளவு

இந்தத் தொழிலில் வண்டியை டன்னில் சொல்பவர்கள் குறைவு, அடியில்தான் சொல்வார்கள். ஏழு அடி, எட்டு அடி, பத்து அடி, பதினாலு அடி என்பதெல்லாம் சாமான் வைக்கும் பெட்டியின் நீளம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் உள்ளூர் வீடு மாற்றம் சிறு குடும்பங்களுக்குக் கட்டுப்படியானது என்று சொல்லலாம். அதற்கு முன் மாட்டு வண்டி, டிரை சைக்கிள், இல்லையென்றால் ஒரு முழு லாரி. ஏஸுக்கு ‘குட்டி யானை’ என்ற பெயர் கம்பெனிப் பெயரை விடவும் நிலைத்துவிட்டது.

> பெட்டிச் செய்தி: எந்த வீட்டுக்கு எந்த வண்டி?
>
> குட்டி யானை: 7 அடி, ஏறக்குறைய முக்கால் டன். ஒரே படுக்கையறை வீடு, அதிலும் பெரிய பீரோ, சோபா இல்லாத வீடு.
>
> தோஸ்த், பொலேரோ பிக்கப்: 8 அடி சுமாருக்கு. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. சாமான் அதிகமுள்ள ஒரு பி.எச்.கே. வீட்டுக்குச் சரி.
>
> 407: 10 அடி. 1986 முதல் ஓடும் டாடா வண்டி. நடுத்தர இரண்டு பி.எச்.கே.
>
> ஐஷர் 14 அடி, 17 அடி: மூன்று பி.எச்.கே. அல்லது வெளியூர் லோடு. குறுகிய தெருவுக்குள் திரும்பாது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அளவு தவறினால் இரண்டு வழியிலும் நஷ்டம். சின்ன வண்டி வந்தால் இரண்டாவது நடைக்கு முழு வாடகை. பெரிய வண்டி வந்தால் ஷட்டில். இதைத் தவிர்க்கத்தான் ‘சர்வே’. ஆள் நேரில் வந்து, அல்லது வீடியோ காலில், பீரோ முதல் பரணில் கிடக்கும் பித்தளை அண்டா வரை பார்த்து எழுதும் கணக்கு அது. பரணைக் காட்ட மறக்கும் குடும்பங்களே அதிகம். தட்டுமுட்டுச் சாமான் என்று நாம் ஒதுக்குவதுதான் வண்டியில் கால்வாசி இடத்தை அடைக்கும்.

சர்வே செய்யாமல் போனிலேயே விலை சொல்லும் கம்பெனியின் தாளுக்கு ‘எஸ்டிமேட்’ என்று பெயர். அதாவது உத்தேசம். ‘ஃபிக்ஸட் கொட்டேஷன்’ என்று எழுதி வாங்கினால் ஒழிய, அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றுவோருக்கு ஒரு தடுப்பு உண்டு. உத்தேச மதிப்பீட்டில் 110 சதவீதம் வரை கட்டினால் சாமானை இறக்கியே ஆக வேண்டும். மீதியைப் பிறகுதான் கேட்கலாம். இந்தியாவில் வீட்டுச் சாமான் இடமாற்றத்துக்கென்று அப்படித் தனி விதி கிடையாது. தாளில் எழுதியிருப்பதே விதி.

எழுதாமல் விடப்படுபவை எவை? ஷட்டில். லிஃப்ட் இல்லாத மாடிக்கு ஃப்ளோர் சார்ஜ். வண்டி நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் தூரம் அதிகமானால் தலைச்சுமைக் கூலி. வண்டி இறக்கப்படாமல் காத்துக் கிடந்தால் ஹால்டிங். கட்டில், அலமாரி கழற்றி மாட்ட கார்பெண்டர். ஏ.சி. கழற்றி மாட்ட தனி ஆள், கேஸ் நிரப்பத் தனிக் காசு. தெற்கே போகிற வண்டி என்றால் பரனூர் டோல். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் சங்கம் வசூலிக்கும் ஷிஃப்டிங் கட்டணமும் உண்டு. சில இடங்களில் சாமான் ஏற்ற ஒரே லிஃப்ட், அதற்கும் நேரக் கட்டுப்பாடு. மாலை ஆறு மணிக்கு மேல் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை என்றால் ஹால்டிங் மறுநாள் வரை ஓடும்.

ரிட்டர்ன் லோடு எப்போது வரும்?

வெளியூர் மாற்றத்தில் மூன்று வார்த்தைகள் விலையைப் பாதியாக்கும், இரட்டிப்பாக்கும். ‘ஃபுல் லோடு’ என்றால் வண்டி முழுக்க ஒரே வீட்டுச் சாமான். ஏற்றியது நேராகப் போய் இறங்கும். ‘பார்ட் லோடு’ என்றால் இரண்டு மூன்று வீடுகள் ஒரே வண்டியில். ‘ரிட்டர்ன் லோடு’ என்பது இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டிய வண்டியில் ஏற்றுவது. கோயம்புத்தூர் வண்டி தாம்பரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது உங்கள் சாமானை ஏற்றினால் விலை குறையும். ஆனால் அந்த வண்டி எப்போது கிளம்பும் என்பது உங்கள் கையில் இல்லை.

பார்ட் லோடில் சாமான் பாதி வழியில் வண்டி மாறும். அந்த மாற்றத்துக்கு ‘டிரான்ஷிப்மெண்ட்’ என்று பெயர். ஏற்றிய லோடுமேன் ஒருவர், இறக்குபவர் வேறொருவர். எந்தப் பெட்டியில் கண்ணாடி இருக்கிறது என்பது இறக்குபவருக்குத் தெரியாது. உடைப்பு, காணாமல் போவது பற்றிய புகார்களுக்கு இந்த வண்டி மாற்றம் வாகான இடம். ‘ஒரே வண்டி, டிரான்ஷிப்மெண்ட் இல்லை’ என்று எழுதி வாங்குவது சில ஆயிரம் கூடுதல் செலவுக்குத் தகும்.

பைக் இருந்தால் ரயில் ஒரு வழி. அதிலும் இரண்டு சொல் உண்டு. நீங்கள் பயணம் செய்யும் ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி அனுப்பினால் அது லக்கேஜ். நீங்கள் போகாமல் வண்டி மட்டும் போனால் பார்சல். இரண்டிலும் பெட்ரோலை ஒட்ட வடிக்க வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டரை எந்த நல்ல கம்பெனியும் ஏற்றாது. தூரத்து ஊர் என்றால் ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வவுச்சரும் டெபாசிட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் இணைப்பு எடுக்க வேண்டும்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில் ‘டிரான்சிட் போல்ட்’ என்று சில போல்ட்டுகள் புதிதாக வாங்கியபோது கழற்றப்பட்டிருக்கும். உள்ளே ஆடும் டிரம்மைப் பூட்டிவைக்க அவை மறுபடி வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவை பழைய பேப்பரோடு போயிருக்கும்.

இன்சூரன்ஸா, ரிஸ்க்கா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைக் கத்தரித்து வைக்கச் சொன்னால், அது இதுதான்.

கொட்டேஷனில் ‘டிரான்சிட் இன்சூரன்ஸ் 3 சதவீதம்’ என்று ஒரு வரி இருக்கும். சாமானின் மதிப்பு ஐந்து லட்சம் என்று சொன்னால் பதினைந்தாயிரம். கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று குடும்பம் நினைக்கிறது. பேக்கர்ஸ் கம்பெனி காப்பீட்டு நிறுவனம் அல்ல. உண்மையான காப்பீடு என்றால் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண் உள்ள சான்றிதழ் வண்டி கிளம்பும் முன் கைக்கு வர வேண்டும். அது வரவில்லை என்றால் நீங்கள் கட்டியது பெரும்பாலும் ‘எஃப்.ஓ.வி.’, அதாவது மதிப்பின் மேல் போடப்படும் சரக்குக் கட்டணம். சேதமானால் கம்பெனியே ஏதோ தரும் என்ற வாய்மொழி ஏற்பாடு.

பாலிசி வந்தாலும் எந்த வகை என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போக்குவரத்துக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று ஷரத்துகள் உண்டு. ஏ வகை, விலக்கப்பட்டவை போக எல்லாச் சேதத்தையும் பார்க்கும். பி வகை தீ, மின்னல், மோதல், வண்டி கவிழ்வது, பாலம் உடைவது போன்றவற்றை மட்டும். சி வகை தீயும் மின்னலும் மட்டுமே. வண்டலூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி டிவித் திரை கீறினால், பி வகைப் பாலிசியில் பைசா வராது. வண்டி கவிழவில்லையே! ‘ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்’ என்று சொன்னவர் எந்த எழுத்தைச் சொன்னார் என்று அந்த நேரத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காப்பீடே இல்லை என்றாலும் சட்டம் கையை விரித்துவிடவில்லை. 1865-ம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, நடைமுறைக்கு வந்தது 2011 மார்ச்சில். வழியில் சாமான் சேதமானாலோ தொலைந்தாலோ பொறுப்பு சரக்கு ஏற்றிச் செல்பவருடையது. அவருடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. ஆனால் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அதிக ரிஸ்க் கட்டணம் கட்டியிராவிட்டால், இழப்பீடு சரக்குக் கட்டணத்தைப் போல பத்து மடங்குக்கு மேல் போகாது. நீங்கள் அறிவித்த மதிப்பையும் தாண்டாது.

இதனால்தான் பில்லைப் பிரித்துப் போடும் விதம் முக்கியமாகிறது. உதாரணத்துக்கு, தாம்பரத்திலிருந்து மதுரைக்கு மொத்தம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் சரக்குக் கட்டணம் 25,000 என்று எழுதியிருந்தால் வரம்பு இரண்டரை லட்சம். பேக்கிங் 14,000, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 6,000, சரக்குக் கட்டணம் 10,000 என்று பிரித்திருந்தால் கம்பெனி ஒரு லட்சத்தைத்தான் வரம்பு என்று வாதிடும். கையிலிருந்து போகும் காசு ஒன்றுதான்.

பில்லுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதத்துக்குச் சாமானின் உரிமையாளரே பொறுப்பு, என்ற முத்திரையும் இருக்கும். அந்த முத்திரையைப் பார்த்ததும் பலர் புகார் கொடுக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கம்பெனிக்கு அந்த முத்திரையால் கிடைக்கும் பெரிய லாபம் அதுதான்.

அமெரிக்க நிலைமை இதில் ஒன்றும் உயர்த்தி அல்ல. கூடுதல் பாதுகாப்பு வேண்டாம் என்று கையெழுத்திட்டால் அங்கே ஒரு பவுண்டு எடைக்கு 60 சென்ட்தான். 40 பவுண்டு டிவி உடைந்தால் 24 டாலர்.

> பெட்டிச் செய்தி: உடைந்தால் என்ன செய்வது?
>
> எல்.ஆர். எனும் லாரி ரசீது (பழைய ஆட்கள் ‘பில்டி’ என்பார்கள்) கையில் இருக்க வேண்டும். அதில் வண்டி எண், சாமான் மதிப்பு, சரக்குக் கட்டணம் மூன்றும் வேண்டும்.
>
> இறக்கியதும் நீட்டப்படும் தாளில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே, உடைந்ததை எழுதிய பிறகே கையெழுத்து.
>
> எழுத்துமூல நோட்டீஸ் 180 நாளுக்குள். நாள் கணக்கு தொடங்குவது புக்கிங் தேதியிலிருந்து; சாமான் வந்து சேர்ந்த தேதியிலிருந்து அல்ல.
>
> நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். 2019 சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் தாம்பரத்துக்காரருக்குச் செங்கல்பட்டு போதும். சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. தேசிய உதவி எண் 1915.

பிடித்து வைக்கும் வண்டி

இருப்பதிலேயே மோசமான நிலைமைக்குத் தொழில்காரர்கள் பெயர் வைப்பதில்லை. அமெரிக்காவில் அதைப் பணயச் சரக்கு என்கிறார்கள். சாமானை ஏற்றி, பாதி வழியில் போன் செய்து, ‘எடை கூடிவிட்டது, இன்னும் இருபதாயிரம் அனுப்பினால்தான் வண்டி நகரும்’ என்பது. இதைப் பலரும் வியாபாரத் தகராறு என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ம் பிரிவு, ஒப்படைத்த பொருளில் நம்பிக்கை மோசடி செய்யும் சரக்கு ஏற்றுபவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. பணம் வந்தால்தான் சாமான் என்ற மிரட்டலைப் போலீஸில் புகாராகக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமே இருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிகள் எப்படி வந்து வாய்க்கின்றன? இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பினால் அடுத்த பத்து நிமிடத்தில் ஆறேழு போன்கள் வரும். நம் எண்ணுக்குத் தொழிலில் ‘லீடு’ என்று பெயர். பல பேருக்கு விற்கப்படும் சரக்கு அது. அழைப்பவர் சில சமயம் வண்டியே இல்லாத தரகர். பெயர்கள் வேறு ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸை நடத்தும் டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ், தங்கள் பெயரைத் தேடுபவர்களுக்குப் பிறர் விளம்பரம் காட்டப்படுகிறது என்று கூகுள் மீதே வழக்குப் போட்டது. வர்த்தக முத்திரையைத் தேடுசொல்லாக விற்பதும் அந்த முத்திரையைப் பயன்படுத்துவதே, கூகுள் அதில் வெறும் பார்வையாளர் அல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 ஆகஸ்டில் சொன்னது. பெரிய கம்பெனிக்கே பெயர்க் குழப்பம் நீதிமன்றம் வரை போகும் விஷயம் என்றால், அவசரத்தில் போன் எடுக்கும் குடும்பம் எந்த மூலைக்கு?

ஐ.பி.ஏ. பில்லும் அந்த ஜி.எஸ்.டி.யும்

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுபவர்கள் ஜி.எஸ்.டி. போடுவது நியாயம்தான். ஆனால் பேக்கிங், ஏற்றல், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த சேவைக்கு 18 சதவீதம் வாங்கினால், பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33-ல் தொடங்கும். எண் இல்லாத பில்லில் வரி வாங்கினால் அது அரசுக்குப் போகாது. ‘ஈ-வே பில் எடுக்கணும், அதுக்குத் தனி’ என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது.

‘ஐ.பி.ஏ. அப்ரூவ்ட்’ என்ற பலகையைப் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. இந்திய வங்கிகள் சங்கம் பரிந்துரைக்கும் போக்குவரத்து நிறுவனங்களின் பட்டியல் அது. அவற்றின் லாரி ரசீதை நம்பி வங்கிகள் பில்லுக்குக் கடன் தரலாம் என்பதற்கான ஏற்பாடு. கண்ணாடி அலமாரியை எவ்வளவு பத்திரமாகக் கட்டுவார்கள் என்பதற்கு அது சான்று அல்ல. மாற்றலாகும் ஊழியர்கள் அலுவலகத்தில் செலவைத் திரும்பப் பெற இந்தப் பில்லைத் தேடுவதால் அதற்கு ஒரு மவுசு. வண்டியே ஓடாமல் பில் மட்டும் விற்கும் ஆட்களும் முளைத்திருக்கிறார்கள். மாட்டினால் வேலைக்கே வேட்டு.

> பெட்டிச் செய்தி: டிரான்ஸ்ஃபர் கணக்கு
>
> ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலையில் வந்த ஆணைப்படி, மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர் சாலை வழியே சாமான் கொண்டுபோகக் கோரலாம் என்று அப்போது வைத்த தொகை:
>
> நிலை 6-க்கும் அதற்கு மேலும்: 6,000 கிலோ வரை, கிலோமீட்டருக்கு 50 ரூபாய். நிலை 5: 3,000 கிலோ, 25 ரூபாய். நிலை 4-க்கும் கீழும்: 1,500 கிலோ, 15 ரூபாய்.
>
> அகவிலைப்படி 50 சதவீதம் உயரும் ஒவ்வொரு முறையும் இந்த விகிதம் 25 சதவீதம் கூடும் என்பதும் ஆணையிலேயே உண்டு.

தோளில் ஏறும் கணக்கு

கொட்டேஷனில் ‘லேபர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நாலு பேர் இருக்கிறார்கள். கேரளத்தில் சாமானைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்ட ‘நோக்குக்கூலி’யை அரசு 2018 மே தினத்தன்று தடை செய்தது. தாம்பரம் பக்கம் நிலைமை தலைகீழ். தூக்குபவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிக்கு வரும் உள்ளூர்க்காரர்கள், வடமாநில இளைஞர்கள். ஒரு ஆள் தூக்கும் சுமைக்கு உச்ச அளவாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே 55 கிலோவைப் பரிந்துரைத்தது. சமன்செய்ய கான்கிரீட் கட்டி வைத்த வாஷிங் மெஷின் ஒன்றே அதைத் தாண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதை இரண்டு பேர் கயிறு கட்டி ஏற்றுகிறார்கள். ஃப்ளோர் சார்ஜ் என்று நாம் கட்டும் தொகையில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். கடைசியில் ‘டீ காசு’ என்று அவர்கள் கேட்பதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-லேயே வந்தது, ஏற்று இறக்குக் கூலிகளுக்கு நலவாரியப் பதிவும் உண்டு. இன்று இந்த வண்டி, நாளை வேறு வண்டி என்று ஏறுபவர் அந்தப் பதிவு வரை போவது அபூர்வம்.

வண்டியில் இடம் இல்லாமல் விடப்படும் பழைய கட்டில், மேஜை எல்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ச் சேரும். புது வீட்டுக்கு வந்தவர்கள் அங்கே போய் வேறொருவர் விட்ட மேஜையை வாங்கிவருவதும் நடக்கிறது.

ஐப்பசி வந்தால்

இந்தப் பகுதிக்கென்று ஒரு தனி சீசனும் இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கியதில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மாடி வரை முங்கின. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது அதே தெருக்களில் மறுபடி படகு. அதன்பிறகு வானிலை அறிவிப்பைக் கேட்டதுமே தரைத்தள வீட்டுக்காரர்கள் வண்டி தேடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு மட்டும் சாமானை வேறிடத்தில் வைப்பவர்களுக்கு ‘ஸ்டோரேஜ்’ என்ற இன்னொரு சொல் அறிமுகமாகிறது. அதன் அலகு ‘சி.எஃப்.டி.’, அதாவது கன அடி. மாத வாடகை, ஏற்றல் இறக்கல் இரண்டு முறை, இடையில் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கட்டணம். கிடங்கு எந்த ஊரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று பலர் கேட்பதே இல்லை. வெள்ளத்துக்குப் பயந்து எடுத்துப்போன சோபா, தாழ்வான இடத்தில் இருக்கும் இன்னொரு கிடங்கில் போய் நனையவும் கூடும்.

அப்போது கம்பெனி நீட்டும் சொல் ‘ஆக்ட் ஆஃப் காட்’, இறைச் செயல். 2007 சட்டத்திலும் இந்த விலக்கு இருக்கிறது. இயற்கைச் சீற்றத்தால் வழியில் நேரும் இழப்புக்கு ஏற்றிச் செல்பவர் பொறுப்பல்ல. வானிலை ஆய்வு மையம் இரண்டு நாள் முன்பே ரெட் அலர்ட் கொடுத்த தேதியில், தண்ணீர் தேங்கும் என்று ஊருக்கே தெரிந்த சாலையில் வண்டியை எடுத்துவிட்டு இறைவன் மேல் பழி போட முடியுமா என்பது வாதிட வேண்டிய கேள்வி. வாதிடுவதற்கும் ஒரு தாள் வேண்டும். ரெட் அலர்ட் வந்தால் தேதியை மாற்றலாம், ‘ரீஷெட்யூல்’ கட்டணம் கிடையாது என்ற வரியை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதக் கொட்டேஷன்களில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். பல கம்பெனிகள் அதற்கு ஒத்துக்கொள்ளும்.